கூனிமேட்டு அடுப்பில் வெந்த ஃபோலார்

முட்டையை ஓடுகூட உரிக்காமல் அப்படியே ரொட்டியில் பதித்துச் சுடுகிற நாடு ஒன்று இருக்கிறது என்று அத்தை சொன்னபோது, எங்கள் வீட்டில் அதை நம்பிய ஒரே ஆள் நான்தான். அம்மா நம்பவில்லை. வெளிநாடு போய் வந்தவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்பது அவள் கட்சி. அப்பா நம்பினாரா இல்லையா என்று தெரியாது. அத்தை பேசும்போதெல்லாம் அவர் காது கேளாதவரைப் போல எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. கடல் ஊருக்குள் வந்துபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. மரக்காணத்து உப்பளங்களில் அந்த வருஷம் உப்புக்குப் பதிலாகச் சேறுதான் விளைந்திருந்தது. அப்பா விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், பாத்திகளில் படிந்திருந்த கறுப்புச் சேற்றை மற்ற ஆட்களோடு சேர்ந்து வாரிக் கொட்டிவிட்டு, முழங்கால் வரை மண் காய்ந்த கால்களோடு திரும்பி வருவார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தின்போது என்னை ஏந்தி நின்றவள் அவள்தான். அதனால் எனக்கு ஞானத்தாயும் அவளே. மாமா காய்ச்சலில் போன பிறகு, குவைத்தில் வீட்டு வேலைக்கென்று விமானம் ஏறியவள் அதன்பின் ஊர்ப் பக்கமே வரவில்லை. டி.வி.யில் எங்கள் கடலைப் பார்த்துவிட்டுப் பதறி, விடுமுறை கேட்டு வாங்கிக்கொண்டு இப்போதுதான் வந்திருந்தாள். அதுவரை எனக்கு அவளைப் புகைப்படத்தில்தான் தெரியும். புகைப்படத்தில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தாள். கையில் தங்க நிறத்தில் ஒரு வாட்ச். அது ஊர் நேரத்தைக் காட்டாமல் குவைத் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்பா அவளோடு பேசுவதில்லை. காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும். இடையில் தாத்தா இறந்துபோயிருந்தார். தங்கை வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று அப்பா உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊரையே காக்க வைத்தாராம். அவள் வரவில்லை. போனில், வர முடியாது என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் சொல்லவுமில்லை. கல்லறையில் மண் தள்ளிவிட்டு வந்த அன்றோடு அப்பா பேச்சை விட்டுவிட்டார். அவளுடைய போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கடல் வந்த பிறகு, அவள் பெட்டியோடு வாசலில் நின்று “அண்ணா” என்று உடைந்து அழுதபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான்.

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒருவரோடு பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை அந்த நாட்களில் பார்த்தேன். “குளிக்கத் தண்ணி வெச்சிருக்குதுன்னு சொல்லு” என்பார் அப்பா என்னிடம். அத்தை என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். நான் கடமை தவறாமல் திரும்பி, “அத்த, குளிக்கத் தண்ணி வெச்சிருக்குதாம்” என்பேன். “கொஞ்ச நேரம் ஆவட்டும்னு சொல்லு” என்பாள் அவள். பள்ளிக்கூடத்தில் என்னை எதற்கும் லீடராகப் போட்டதில்லை. வீட்டில் கிடைத்த இந்தப் பதவியை நான் மிகவும் பெருமையாக நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் எல்லோருக்கும் ஓலை கொடுத்தார்கள். நான் என்னுடையதைச் சிலுவையாகப் பின்னி, மாதா படத்துக்குப் பின்னால் செருக வைத்திருந்தேன். அத்தை அதைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். அவளிடமே ஒரு ஓலை இருந்தது. இருந்தும் என்னுடையதுதான் வேண்டும் என்றாள். அரை மனதோடு நீட்டினேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இனி நான் உனக்குக் கடமைப்பட்டவள் என்பதுபோலச் சிரித்தாள்.

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. குவைத்தில் அவள் இப்போது வேலை செய்வது ஒரு போர்ச்சுகல் குடும்பத்தில். அந்த நாட்டில், குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஞானத்தாய்க்கு ஓலையோ பூவோ கொடுப்பார்களாம். பதிலுக்கு ஈஸ்டர் அன்று ஞானத்தாய் அந்தப் பிள்ளைக்கு ஒரு ரொட்டி சுட்டுத் தர வேண்டுமாம். சாதாரண ரொட்டி இல்லை. சர்க்கரை, பால், நெய், சோம்பு, பட்டை எல்லாம் போட்டு, மேலே முழு முட்டைகளை ஓட்டோடு பதித்து, அந்த முட்டைகள் மீது மாவுப் பட்டையால் சிலுவை கட்டிச் சுடுகிற ரொட்டி. அதற்குப் பெயர் ஃபோலார். அங்கேயே ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு மாதிரி செய்வார்களாம், ஒரு ஊரில் இனிப்பு, இன்னொரு ஊரில் கறி வைத்து. அவளுடைய மேடத்தின் ஊரில் முட்டை வைத்த இனிப்பு ரொட்டிதான்.

“ஃபோலார்” என்று நான் சொல்லிப் பழகினேன். கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு ஃபோலார் என்று அறிவித்தேன். போளியா என்று கேட்டார்கள். முட்டை விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ரொட்டி வராமல் போனால் நான் அந்த வகுப்பில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது என்கிற நிலைமை ஆகிவிட்டது.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். அம்மாவோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“அந்த நாட்டுல, சண்ட போட்டுட்டு மூஞ்சத் திருப்பிக்கினு இருக்கறவங்க ஈஸ்டர் அன்னிக்கு இந்த ரொட்டியச் சேந்து சாப்ட்டுட்டா, அதோட பழைய பேச்சையே எடுக்கக் கூடாதாம் அண்ணி.”

அம்மா முறத்தைத் தட்டினாள். “உங்கண்ணன் கறியே போட்டாலும் எறங்கி வர்ற ஆளு இல்ல. ரொட்டிக்கு எறங்குதா பாரு.”

எனக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி, பேசாதவர்களைப் பேச வைக்க இந்த ரொட்டி. சாப்பிட்டால் வாய் திறந்தே ஆக வேண்டும். அப்பாவுக்கு எப்படியாவது ஒரு துண்டு உள்ளே போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அந்த வாரம் முழுவதும் நான் வெங்காயத் தோல் பொறுக்கினேன். முட்டைக்கு நிறம் ஏற்ற அதுதான் வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தாள். கடைத்தெருவில் வெங்காய மூட்டை பிரித்துக் கொட்டுகிற இடத்தில் காற்றில் பறக்கிற சருகுகளைத் துரத்திப் பிடித்து ஒரு பை நிறையச் சேர்த்தேன். பெரிய வெள்ளி முடிந்த மறுநாள் காலை, அத்தை அவற்றைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, அதில் முட்டைகளை இறக்கினாள். அம்மா, ஈஸ்டர் பூசை முடியுமுன் யாரும் முட்டையை வாயில் வைக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனாள். வாயில் வைக்கிற எண்ணமே எனக்கு இல்லை. வெள்ளையாக உள்ளே போன முட்டைகள் வெளியே வந்தபோது புளியங்கொட்டை நிறத்தில் பளபளத்தன. அத்தை ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் அவை முட்டை என்றே தோன்றவில்லை. கையில் எடுத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாவு அதைவிட அதிசயம். குவைத்திலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்த ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கரைத்தாள். பால் நுரைத்துக் குமிழிட்டது. மைதாவில் கொட்டிப் பிசைந்தாள். பிசைந்தாள் என்று சொன்னால் போதாது. துணி துவைப்பதுபோல மாவைத் தூக்கி அடித்தாள், இழுத்தாள், மடித்தாள், மறுபடி அடித்தாள். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. பிறகு அலுமினியக் குண்டானில் போட்டுத் துணி மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து துணியைத் தூக்கிக் காட்டினாள். மாவு இரண்டு மடங்காகியிருந்தது. யாரோ உள்ளே தூங்கிக்கொண்டு மூச்சு விடுவதுபோல மேலே மெல்ல அசைந்தது. தொடச் சொன்னாள். விரலை வைத்து அழுத்தினேன். பள்ளம் விழுந்து, மெதுவாக, அது தானாகவே எழுந்து நின்றது.

“அத்த, இதுக்கு உயிரு இருக்குதா?”

“இருக்குது. அடுப்புக்குப் போற வரைக்கும்.”

“ஏன், இட்லி மாவு பொங்கறதில்ல?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “என்னமோ அதிசயத்தக் கண்டுட்டாங்க.” ஆனால் அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

எங்கள் வீட்டில் இதைச் சுட அடுப்பு கிடையாது. எங்களுக்குத் தெரிந்து கல் அடுப்பு வைத்து பன்னும் ரஸ்க்கும் போட்டவர் கூனிமேட்டில் ஒரு பாய். அத்தை குண்டானைத் தட்டால் மூடித் துண்டில் கட்டித் தூக்கிக்கொள்ள, முட்டைப் பையோடு நான் பின்னால் போக, பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் ஏறினோம். பங்குனி வெயில். பஸ்ஸின் தகரம் கொதித்தது. அத்தையின் மடியில் இருந்த மாவுக்கு அந்தச் சூடு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. உப்பளங்களைத் தாண்டுவதற்குள் அது மூடியிருந்த தட்டைத் தூக்க ஆரம்பித்தது. அத்தை உள்ளங்கையால் தட்டை அழுத்தினாள். அது இன்னொரு பக்கம் தூக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“உள்ள என்னாமா, கோழியா?”

“மாவு” என்றேன் நான். “இதுக்கு உயிரு இருக்குது.”

அதற்குப் பிறகு அவள் இறங்குகிற வரை குண்டானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாயின் பேக்கரி மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. முன்பக்கம் கண்ணாடி ஜாடிகளில் ரஸ்க், பிஸ்கட். பின்பக்கம் கொட்டகையில் அந்த அடுப்பு. அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு சின்ன அறையையே செங்கல்லால் கட்டி, மேலே வளைத்து மூடி, முன்னால் ஒரு இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். கதவு திறந்தபோது உள்ளே தீ இல்லை, இருட்டுதான் இருந்தது. ஆனால் அந்த இருட்டிலிருந்து வந்த சூடு என் முகத்தில் அறைந்தது.

பாய்க்கு வெள்ளைத் தாடி, மாவு படிந்த பனியன். குண்டானைத் திறந்து பார்த்து, மாவு நன்றாக வந்திருக்கிறது என்று தலையாட்டினார். என் பையிலிருந்த முட்டைகளைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

“இத ஓட்டோட வெக்கப் போறியா? வெடிச்சிடும்மா. அடுப்பே நாறிப்போவும். அப்புறம் எவன் எங்கிட்ட ரஸ்க் வாங்குவான்?”

“வெடிக்காது பாய். ஏற்கெனவே அவிச்சதுதான். குவைத்துல நான் வேல செய்ற வீட்ல வருசா வருசம் வெக்கறேன்.”

“அதெல்லாம் கரண்டு அடுப்பா இருக்கும். இது வேற. அதுவுமில்லாம உள்ள ரஸ்க் காயுது. இன்னிக்கு ஆவாதும்மா.”

அத்தை குண்டானைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள். வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிற முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. பாய் கையைத் துடைத்துக்கொண்டே, பேச்சுக்காகக் கேட்பவர் மாதிரி, குவைத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவருடைய மூத்த மகனும் அங்கேதான் ஒரு வீட்டில் டிரைவராக இருக்கிறானாம். அத்தை இடத்தின் பெயரைச் சொன்னாள். அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார்.

“பாஸ்போர்ட்டு உன் கையில இருக்குதாம்மா?”

“இப்ப இருக்குது பாய். இந்தப் போர்ச்சுகல்காரங்க வேலைக்குச் சேந்த அன்னிக்கே என் கையில குடுத்துட்டாங்க. மொத வீட்லதான் அலமாரியில வெச்சிப் பூட்டிட்டாங்க.” அத்தை முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள். “எங்கப்பா செத்துட்டாருன்னு ஃபோனு வந்தப்ப கால்ல விழுந்து கேட்டேன். குடுக்கல. கத்தி அழுதேன்னு ரூம்ல போட்டு வெளிய பூட்டிட்டாங்க.”

“யா அல்லா. வீட்ல சொன்னியா?”

“எப்டி பாய் சொல்றது? எங்கண்ணன் அங்க அப்பன் பொணத்த வெச்சிக்கினு உக்காந்திருக்குது. பொணத்த நெனச்சி அழுவுமா, என்ன நெனச்சி அழுவுமா? வர முடியாதுன்னு மட்டும் சொன்னேன். அப்புறமா சொல்லலாம்னு பாத்தா, அது ஃபோனுக்கே வரல. அடுத்தவங்க மூலமா சொல்ற விசயமா இது? இப்ப எதுர்ல நின்னாலும் மூஞ்சப் பாக்க மாட்டேங்குது.”

பாய் அடுப்பின் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“எம்புள்ளகிட்ட பாஸ்போர்ட்டு எங்கடான்னு கேட்டா, அதெல்லாம் பத்திரமா இருக்குதும்பான். உடனே ஃபோன வெச்சிடுவான்” என்றார் கடைசியில். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “டேய், ரஸ்க்க வெளிய எடு. அது அப்புறமா காஞ்சிக்கும்.”

இவ்வளவும் என் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் நடந்தது. ஆனால் நான் அந்த இரும்புக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். ரஸ்க்கை வெளியே எடுக்கச் சொன்னது மட்டும்தான் எனக்கு முக்கியமான சேதி.

அத்தை மாவை உருட்டி ஒரு தகரத் தட்டில் வட்டமாகத் தட்டினாள். முட்டைகளை ஒவ்வொன்றாகப் பாதி அமிழ்கிற மாதிரி அழுத்தினாள். மீதி மாவைக் கயிறாகத் திரித்து, ஒவ்வொரு முட்டையின் மேலும் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவை கட்டினாள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். பாய் ஒரு பிடி மைதாவை அடுப்புக்குள் வீசினார். அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்துச் சூட்டைத் தெரிந்துகொள்கிறார் என்று அத்தை என் காதில் சொன்னாள். அவருக்குத் திருப்தி இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பிடி வீசினார். பிறகு நீளக் கழி வைத்த பலகையில் தட்டை ஏற்றி, பிஸ்மில்லா சொல்லி, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். முட்டை வெடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பாயும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் கதவைவிட்டு நகரவே இல்லை. சத்தம் வரவில்லை. பதிலாக வாசனை வந்தது. முதலில் நெய். அப்புறம் சோம்பு. அப்புறம் பட்டையும் கருகும் சர்க்கரையும் சேர்ந்து, எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. அந்தக் கொட்டகையில் தினமும் ரொட்டி வாசனையிலேயே வாழ்கிறவர்கள்கூட மூக்கை உயர்த்தினார்கள்.

கதவு திறந்தது. பாய் பலகையை இழுத்தார். இருட்டுக்குள்ளிருந்து அது மெதுவாக வெளிச்சத்துக்கு வந்தது. நாங்கள் உள்ளே அனுப்பிய வெளிறிய மாவு இல்லை அது. உப்பி, உயர்ந்து, பாலிஷ் போட்ட மரம் மாதிரி மின்னியது. நடுவே அந்தப் புளியங்கொட்டை நிற முட்டைகள் ஒரு கீறல்கூட இல்லாமல், சிலுவைகளுக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோயிலில் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது இருக்குமே, அந்த அமைதி. நான் என்னை அறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

“மாஷா அல்லாஹ்” என்றார் பாய். “வெடிக்கல.”

மீதி மாவில் ஒரு சின்ன பன்னும் வெந்திருந்தது. அத்தை அதை அவருக்கென்று கொடுத்தாள். அவர் சூடாகவே பிய்த்து மென்று, சோம்பு போட்டு ரொட்டி சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்றார். பிறகு கிளம்பும்போது, குவைத்துக்குத் திரும்பிப் போனால் தன் மகனை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். அத்தை பார்க்கிறேன் என்றாள்.

திரும்பி வருகையில் ரொட்டி என் மடியில் இருந்தது. துண்டில் சுற்றியிருந்தும் தொடை சுட்டது. நான் அசையவில்லை. பஸ் முழுக்க அந்த வாசனை பரவி, முன் சீட்டுக்காரர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் குனிந்து மோந்துவிட்டு, என்ன பாப்பா அது என்று கேட்டார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, “ஃபோலார்” என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் அம்மாவும் அத்தையும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பா உப்பளத்திலிருந்து வந்து, பின்பக்கம் டிரம் அருகே உட்கார்ந்து காலில் காய்ந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது. அவர் எதிரில் குந்திக்கொண்டு ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன். பஸ்ஸில் மாவு தட்டைத் தூக்கியது, அடுப்புக்குள் தீயே இல்லாமல் சூடு வந்தது, எல்லாம்.

“அந்த பாய் மொதல்ல முடியாதுன்னுட்டாருப்பா. அப்புறம் பாஸ்போர்ட்டு இருக்குதான்னு கேட்டாரு. அத்த, மொத வீட்ல அலமாரியில வெச்சிப் பூட்டிட்டாங்க, தாத்தா செத்தப்பக்கூடக் குடுக்கல, ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்கன்னு சொல்லுச்சு. ஒடனே ரஸ்க்க எடுத்துட்டாரு. அப்புறம் மாவ அள்ளி உள்ள வீசனாருப்பா, அது...”

“யார ரூம்ல போட்டாங்க?”

“அத்தையத்தான். அத உடு. மாவு உள்ள போனதும் செவந்துச்சு பாரு...”

“எப்ப? தாத்தா செத்தப்பவா?”

“ஆமாம்ப்பா. கால்ல விழுந்துச்சாம். நீ அழுவன்னு உங்கிட்ட சொல்லலையாம். அப்புறம் முட்ட வெடிக்கும்னு நான் காதப் பொத்திக்கினேன்...”

எனக்குக் கோபம் வந்தது. ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வருகிற கட்டத்துக்கு நான் வந்தே விட்டேன், அவர் இன்னும் அந்த அலமாரியையும் ரூமையும் விட்டு நகர மாட்டேன் என்றார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பிறகு, முட்டை ஒரு கீறல் இல்லாமல் வந்ததைக் கையை விரித்து நான் விவரித்தபோது அவர் கவனிக்கவே இல்லை. சொம்பில் தண்ணீரை மொண்டு, ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட காலின் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையாம். ரொட்டி வாசனை வீடு முழுக்க நிறைந்திருக்கும்போது ஒரு மனிதருக்கு எப்படி வயிறு சரியில்லாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். ஃபோலார் எவர்சில்வர் தட்டில் நடு வீட்டில் வீற்றிருந்தது. அத்தை என் கையில் கத்தியைக் கொடுத்தாள். இது உன்னுடைய ரொட்டி, யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அவர்களுக்குக் கொடு என்றாள். கத்தியை வைக்க மனம் வரவில்லை. அழகான ஒன்றை அழிக்கப்போகிறோம் என்று தயங்கினேன். அத்தை என் கையின் மேல் கை வைத்து அழுத்தினாள். மேல் தோல் முறிந்து, உள்ளே மஞ்சளாக, பஞ்சுபோல, நூல் நூலாகப் பிரிந்தது.

முதல் துண்டை, முட்டையோடு, நேராக அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெள்ளைச் சட்டையோடு சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாங்குவாரா மாட்டாரா என்று அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டார். நான் அவருடைய வாயையே பார்த்தேன். கடித்தார். மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. மருந்து உள்ளே போய்விட்டது. இனி எந்த நிமிடமும் அவர் எழுந்து ஓடி வந்து, தங்கச்சி என்று கூவி, சினிமாவில் வருவதுபோல அத்தையைக் கட்டிக்கொள்ளப்போகிறார். நான் வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றேன்.

அவர் இன்னொரு வாய் கடித்தார். மெதுவாக மென்று விழுங்கினார். கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் இல்லாமல், நேராக அவளிடம் சொன்னார்.

“இந்த வாட்டி பாஸ்போர்ட்ட எவன் கேட்டாலும் குடுக்காத.”

அத்தை அடுத்த துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள்.

“குடுக்க மாட்டேண்ணா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல.”

அத்தை அப்படியே தட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தாள். அம்மா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து ஓடி வரவில்லை. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

எனக்கு அவ்வளவு ஏமாற்றமாக இருந்தது. அந்த மாவுக்கு உயிர் இருந்ததை நான் விரலால் தொட்டுப் பார்த்தவள். அந்த அடுப்பின் இருட்டிலிருந்து அது வெளியே வந்ததை இரண்டு கண்ணாலும் கண்டவள். அப்பேர்ப்பட்ட ரொட்டியைத் தின்றும் இந்த மனிதருக்கு பாஸ்போர்ட் என்கிற ஒரு வறட்டுப் பேச்சுதான் வந்தது. அதுவும் அத்தையை அழ வைக்கிற மாதிரி. மருந்து பாதிதான் வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாவம் அத்தை, அதனால்தான் இப்படி அழுகிறாள். யாராவது அவளைத் தேற்ற வேண்டும்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாத அத்த. அடுத்த ஈஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் சக்கர போட்டுப் பாக்கலாம்.”

முந்தானைக்குள்ளிருந்து அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை நிற்காமலே சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அப்பாவின் முதுகும் குலுங்கியது. அவரும் சிரிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.